விதைநெல் யார் கையில்?



தஞ்சைத் தரணியிலே நின்று நெல்லைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவிலே ஊசி விற்பதைப் போன்றது என்பதை நான் அறிவேன். ஆனால் ஊசி விற்க வந்தவனல்லன் நான். உங்கள் தெருவிலிருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போகின்றனவே, கவனித்தீர்களா என்று கேட்க வந்தவன்!

நெல் இருக்கிறது, மறுக்கவில்லை. மூட்டை மூட்டையாக இருக்கிறது. கொள்முதல் நிலையத்து வாயிலிலே மழையில் நனையும் அளவுக்கு இருக்கிறது. ஆனால் என்ன நெல்? எத்தனை வகை நெல்? அதன் விதை எவர் வீட்டுக் குதிரிலே இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு நம் பாட்டனார் பதில் வைத்திருந்தார், நாம் வைத்திருக்கிறோமா?

பாட்டனாரின் பதிலைக் கேளுங்கள். யானை புகுந்தாலும் வெளியே தெரியாத உயரம் வளரும் காட்டுயானம், தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு. உவர் ஏறிய கடலோரத்துக்குக் குழியடிச்சான். வேதாரண்யத்து மண்ணுக்குக் குடவாழை. உழைப்பவன் உண்ண, சிவந்த அரிசி தரும் மாப்பிள்ளைச் சம்பா. நூறு நாளிலே கைக்கு வரும் குள்ளக்கார். கருவுற்ற பெண்ணுக்குக் கஞ்சி வைக்க ஏற்றதென்று வழிவழியாக நம்பிவந்த பூங்கார். விருந்துக்குச் சீரகச் சம்பா. மேட்டுக்கொன்று, பள்ளத்துக்கொன்று, நோன்புக்கொன்று, நோய்க்கொன்று! முக்கூடற்பள்ளு பாடிய புலவன் நெல்வகைகளை அடுக்கிக் காட்டினான் என்றால், அது வெறும் சொல்லலங்காரமல்ல. ஊரின் சொத்துக் கணக்கு.

இன்னொன்று சொல்கிறேன். குறுவை விதையோடு ஒட்டடையான் விதையையும் கலந்து ஒரே வயலிலே பயிர் செய்தனர் நம் முன்னோர். குறுவை முந்தும், அறுத்தெடுப்பர். அந்தத் தாளுக்கிடையே ஒட்டடையான் மெல்லத் தழைத்து, தை மாதத்திலே கதிர் தரும். ஒன்று பொய்த்தால் மற்றொன்று காக்கும். எந்தக் கல்லூரியும் கற்பிக்குமுன் ஏர்பிடித்தவன் கற்றிருந்த பாடம் இது.

இந்தச் சொத்து ஏன் கரைந்தது? சதிகாரர் சிலர் ஓரிரவிலே சூறையாடிவிட்டனர் என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. உண்மையைச் சொல்கிறேன்.

1960களின் நடுப்பகுதியை எண்ணிப் பாருங்கள். வானம் பொய்த்தது. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும் என்று நாடு கைகட்டி நின்றது. அரிசிக்கடை வாசலிலே தாய்மார்கள் கால்கடுக்கக் காத்துக் கிடந்தனர். அந்தப் பசியின் குரல்தான் 1967 தேர்தலிலே ஆட்சியை மாற்றியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதை இலட்சியமாக வைத்தார் அண்ணா. ஆட்சி ஏற்ற அந்த ஆண்டே, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடும் திட்டத்தைத் தொடங்கினார்.

அரிசி வேண்டும், உடனே வேண்டும், நிறைய வேண்டும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்தது ஏ.டி.டி. 27; பிலிப்பைன்சிலிருந்து வந்தது ஐ.ஆர். 8. குட்டையாய் வளர்ந்து, உரத்தைக் குடித்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்தன அந்தப் பயிர்கள். பட்டினி விரட்டப்பட்டது. அந்த விஞ்ஞானிகளை ஏசுவோர் எம் மேடைக்கு வரவேண்டாம். பசித்தவனுக்குச் சோறு போட்டவனைப் பழிப்பது பண்பாகாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏ.டி.டி. 27 வானத்திலிருந்தா குதித்தது? அதன் பெற்றோரில் ஒன்று ஜப்பானிய நெல். மற்றொன்று நம்முடைய ஜி.இ.பி. 24. அந்த ஜி.இ.பி. 24 எங்கிருந்து வந்தது? கோணமணி என்ற பழைய நெல்லிலிருந்து கோவையிலே தெரிந்தெடுக்கப்பட்டது. ஆக, புது நெல்லின் பாட்டி பழைய நெல்! பேரன் பட்டம் பெற்றான் என்பதற்காகப் பாட்டியைத் திண்ணையிலிருந்து தள்ளிவிடலாமா? நாளைக்கு இன்னொரு பேரன் வேண்டுமென்றால் எங்கே போவது?

கற்பனைக் கவலை அல்ல இது. அயர்லாந்து நாட்டு ஏழைகள் பெரும்பாலும் ஒரே வகை உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தனர். 1845இல் ஒரு பயிர்நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாண்டவர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர்! நோய் மட்டுமா கொன்றது? மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே அந்நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. அதுவும் சேர்ந்துதான் கொன்றது. ஒரே பயிர் என்பது குறை; ஏழையின் கையிலே வேறெதுவும் இல்லாதபடி வைத்திருந்தது கொடுமை. இரண்டும் கைகோத்தால் இடுகாடு!

நெல்லிலேயே சான்று வேண்டுமா? 1970களிலே ஆசிய வயல்களிலே புல்லெனக் குட்டையாக்கும் நச்சுயிரி நோய் பரவியது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான நெல்வகைகளைச் சோதித்தனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரு காட்டு நெல்லிலேதான் எதிர்ப்பாற்றல் கிட்டியது. அதைக் கொண்டு உருவான ஐ.ஆர். 36, கோடிக்கணக்கான ஏக்கரிலே பயிராயிற்று. எவரும் ஏறெடுத்துப் பாராத களை, கண்டத்துக்கே கஞ்சி வார்த்தது!

"விதை வங்கியிலே பத்திரமாக இருக்கிறதே, பிறகென்ன?" என்பர் அறிவாளிகள் சிலர். இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் குளிர்பெட்டியிலே உறங்கும் விதை, மாறிவரும் மழையை அறியாது. ஏறிவரும் உவரை அறியாது. வயலிலே ஆண்டுதோறும் விளையும் விதைதான் காலத்தோடு பழகும். அன்றியும், பிலிப்பைன்சிலுள்ள பெட்டியின் சாவி மன்னார்குடி உழவனின் மடியிலா இருக்கிறது?

காலம் எப்படி மாறிவருகிறது, பார்த்தீர்களா? மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்பது மரபு. 2012இல் செப்டம்பரில்தான் திறந்தது. 2024இல் ஜூலை இறுதி. 2018இல் உச்சநீதிமன்றம், கர்நாடகம் நமக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. அந்தத் தண்ணீருக்காகப் போராடுவோம். ஒரு சொட்டையும் விட்டுக்கொடோம். அதே வேளை, தண்ணீர் தாமதித்தால் அதற்கேற்ற வயதுடைய விதை நம் குதிரிலே இருக்கவேண்டாமா? 2004 ஆழிப்பேரலை நாகை வயல்களிலே உப்பைக் கொட்டிவிட்டுப் போனதே, அதைத் தாங்கும் விதை வேண்டாமா? உரிமைப் போர் ஒரு கையிலே. உழவனின் முன்னெச்சரிக்கை மறு கையிலே!

இனி, கசப்பான ஓர் உண்மை. விளைச்சல் பெருகிய அதே நாளிலேதான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியிலே 44 உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டன. உழைத்தவர் கூடுதலாய்க் கேட்டது அரைப்படி நெல்! அப்போது ஆட்சியிலே இருந்தது நம் இயக்கம். தலைகுனிவோடுதான் அதை நினைக்கிறோம், மறைக்கவில்லை. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதற்கு விலையாக வெண்மணி வெந்தது. வயலிலே கதிர் கூடினால் குடிசையிலே சோறு கூடும் என்று எண்ணுவது தவறு என்பதை, அந்தச் சாம்பலைவிடத் தெளிவாக எந்த ஏடு சொல்லும்?

இன்றும் எண்ணிப் பாருங்கள். ஒரே வகை, ஒரே வயது, ஒரே வாரத்திலே அறுப்பு. எந்திரம் வருகிறது, ஏக்கரை விழுங்குகிறது, போகிறது. களத்துமேட்டிலே கூலி பெற்ற கை, திருப்பூர்ப் பேருந்துக்குக் கை காட்டுகிறது. குறுகிய வயது, நடு வயது, நெடு வயது என்று பயிர் பலவாக இருந்தால், வேலையும் பல மாதங்களுக்குப் பரவும். நெடிய வைக்கோல் மாட்டுக்குத் தீனியாகும். தாளடிக்குப் பின் உளுந்தும் பயறும் தெளித்தால், மண்ணுக்கு உரம், குழந்தைக்குப் புரதம். விதையின் பன்மை என்பது ஏட்டுச் சொல்லல்ல, தோழர்களே. கூலிக்காரியின் கூடுதல் வேலைநாள்!

"அப்படியானால் உழவன் ஏன் பயிரிடவில்லை? சோம்பேறியா?" என்று வினவுவோருக்கு ஒரு சிறு நாடகக் காட்சி. இடம்: நெல் கொள்முதல் நிலையம். பாத்திரங்கள் இருவர்.

உழவர்: ஐயா, மாப்பிள்ளைச் சம்பா கொண்டுவந்திருக்கிறேன். நூற்றறுபது நாள் காத்துப் பெற்ற பிள்ளை!

எழுத்தர்: பெரியவரே, எங்கள் ஏட்டிலே இரண்டே பெயர்தான். சன்ன ரகமா, பொது ரகமா?

உழவர்: இதற்கென்று தனி விலை?

எழுத்தர்: அந்தப் பக்கமே ஏட்டில் இல்லை, பெரியவரே!

திரை விழுகிறது. சிரித்தீர்கள், நன்று. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய். சன்ன ரகம் 2,389 ரூபாய். இருபது ரூபாய் இடைவெளிக்குள்ளே இந்தியாவின் நெல் வகைகள் அத்தனையையும் அடைத்துவிட்டது டெல்லி! விளைச்சல் குறைந்த, வயது நீண்ட நெல்லை அந்த விலைக்கு விற்றால், வாரத்துக்கு உழுபவன் வட்டிக்கடையிலேதான் முடிவான். வாங்கும் கைதான் விதைக்கும் கையை நடத்துகிறது. இதுவே நான் சொல்லவந்தது.

எதிர்நீச்சல் போட்ட ஒருவரை இந்த மண் ஈன்றது. கட்டிமேட்டு ஜெயராமன்! நம்மாழ்வார் காட்டிய வழியிலே நடந்து, ஊர் ஊராய்த் தேடி, ஏறத்தாழ 170 வகை நெல்லை மீட்டார்; 'நெல்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2006 முதல் ஆதிரெங்கத்திலே விதைத் திருவிழா நடத்தினார். அங்கே என்ன விலை? இரண்டு கிலோ விதை பெற்றுச் செல். விளைந்ததும் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு. காசில்லை, கடனில்லை, பெருக்கிக் கொடுப்பதே வட்டி! 2018 டிசம்பரிலே அவர் மறைந்தார். 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, அவர் பெயராலேயே மரபுசார் நெல் இரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது. வரவேற்றோம். ஆனால் விதையைக் கொடுத்துவிட்டு விளைச்சலை வாங்காவிட்டால், பெண்ணைக் கொடுத்துவிட்டு வாசற்கதவைச் சாத்திய கதையாகும்.

ஆதலால், ஆட்சியிலே எவர் இருப்பினும் நாம் கேட்கவேண்டியவை மூன்று. கொள்முதல் ஏட்டிலே மூன்றாம் பக்கம் திறக்கட்டும்: மரபு நெல்லுக்குத் தனி வகுப்பு, தனி விலை. வாங்கியதை எங்கே போடுவது என்பார்கள்; சத்துணவுக் கூடத்திலே வாரம் ஒரு நாள் சிவப்பரிசிச் சோறு போடட்டும். முடியுமா என்பார்கள், 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளிலே இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கினார்களே, ஒடிசாவிலே அரசே உழவரிடம் கேழ்வரகை வாங்கிக் கடைகளிலே வழங்குகிறதே, அங்கே முடிந்தது இங்கே முடியாதா? மூன்றாவதாக, ஒன்றியந்தோறும் ஒரு விதைக் களஞ்சியம். அதன் சாவி அதிகாரியிடமல்ல, நாற்று நடும் பெண்களின் சங்கத்திடம்!

புதிய இரகங்களைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை நான். பத்து மாவிலே ஒரு மா பழைய விதைக்கு ஒதுக்குங்கள் என்கிறேன். அதன் இழப்பை ஏழை உழவன் தலையிலே கட்டாமல், சோறுண்ணும் சமூகம் பகிர்ந்துகொள்ளட்டும் என்கிறேன்.

அரசைக் கேட்பது ஒருபுறம். தோழர்களே, நாம் செய்வது? கிளைக் கழகம் ஒவ்வொன்றும் இந்த ஆடிக்குள் இரண்டு கிலோ மரபு விதையைத் தேடிப் பெறட்டும். கொடிக்கம்பம் நட்ட கைகளுக்கு நாற்று நடத் தெரியாதா? தையிலே அறுத்து, நான்கு கிலோவாக அடுத்த ஊர்க் கிளைக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு என்னை அழைத்தால், மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். எத்தனை ஊருக்கு விதை போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை மேடையிலே படியுங்கள். கேட்டு மகிழக் காத்திருக்கிறேன்.