மறதி நோயும் நம் கடமையும்

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மறதி நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. நகரத்தாரைவிடச் சிற்றூராரிடத்தும், ஆண்களைவிடப் பெண்களிடத்தும், கற்றோரைவிடக் கல்லாதாரிடத்தும் இது மிகுதி. இளமைக் கல்வி முதுமையில் மூளைக்கு அரணாகிறது என்பர் அறிஞர். அங்ஙனமாயின், பள்ளி வாசல் மறுக்கப்பட்ட நம் முன்னோர் இழந்தது எழுத்தை மட்டுமன்று. அந்த அரணையும் இழந்தனர்.

இது பைத்தியமன்று, பாவத்தின் பயனுமன்று, மூளையின் நோய். முற்றும் தீர்க்கும் மருந்து இன்றில்லை. எனினும், தைராய்டு குறை, பி12 சத்துக் குறை ஆகியவற்றால் வரும் மறதியைச் சீர்ப்படுத்த இயலும். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காது மந்தமாயின் அதையும் கவனியுங்கள்.

நோயுற்றோரை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். காலையில் உண்டதை மறந்தவரின் கை, பழகிய தொழிலை எளிதில் மறப்பதில்லை. நம் சுருளிப்பட்டித் தோட்டங்களில் ஆயுளெல்லாம் உழைத்தவர், திராட்சைக் குலையில் அழுகலைக் களைந்து தரக்கூடும். துணையோடு சாவடிக்கும் தேநீர்க் கடைக்கும் அழைத்துச் செல்லுங்கள். "என்னைத் தெரிகிறதா?" என்று சோதிக்காமல், பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

கூலியை இழந்து காவலிருப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அச்சுமையைத் தெருவே பகிர வேண்டும். மாணவர்களே, மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்குத் துணையிருங்கள். நமக்குக் கல்வி கிட்ட உழைத்தவர்களுக்கு நாம் செலுத்தும் கடன் அது.