தகுதி என்கிற சொல்

(மாணவர்களும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போய் முதுகலை படிக்கத் தருகிற ஃபெலோஷிப்புகளைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். நான் வெளிநாட்டில் படித்தவன் கிடையாது. வங்கி கிளார்க். படிவங்களோடு குடித்தனம் நடத்துகிறவன். ஒரு படிவம் யாரை உள்ளே விடும், யாரை வாசலிலேயே நிறுத்தும் என்பது கொஞ்சம் தெரியும். அதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

தகுதி என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு அடிவயிற்றில் ஒரு பயம் வரும். காலங்காலமாக நம்மைப் பார்த்து ‘தகுதி இல்லை’ என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால் படிவத்தில் இருக்கிற தகுதி வெறும் விதி. மனுசன் எழுதியது. அதை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் அரசின் செவனிங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வருட முதுகலைப் படிப்பு. ஒரு பட்டம் வேண்டும். இரண்டு வருட வேலை அனுபவம், கணக்காக 2,800 மணி நேரம் வேண்டும். படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். வயது வரம்பு கிடையாது. கவனியுங்கள், சம்பளமில்லாத தொண்டு வேலையும் அந்த மணிக்கணக்கில் சேரும்.

ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெலோஷிப் மூன்று வருட முழுநேர வேலையும் 55 சதவீத மதிப்பெண்ணும் கேட்கிறது. அதோடு நான்கு வருடப் பட்டம் வேண்டும். மூன்று வருடப் பட்டம் என்றால் அதற்கு மேல் எம்.ஏ.வோ முழுநேர முதுநிலை டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும். பி.ஏ. முடித்த மறுமாதமே தங்கச்சி கல்யாணக் கடனுக்காக வேலைக்குப் போனவன் இங்கே விழுந்துவிடுகிறான்.

ஜப்பான் அரசும் உலக வங்கியும் சேர்ந்து தருகிற உதவித்தொகைக்குப் பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். வளர்ச்சித் துறையில் மூன்று வருடம் முழுநேரச் சம்பள வேலை பார்த்திருக்க வேண்டும். சம்பளம் என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். சேரியில் பத்து வருடம் இரவுப் பாடசாலை நடத்தியிருந்தாலும் இங்கே அது அனுபவம் ஆகாது. அதே உழைப்பு ஒரு படிவத்தில் தகுதி, இன்னொன்றில் பூஜ்யம்.

சரி, நமக்கென்றே அரசாங்கத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் நடக்கிறது. இத்தனை பெரிய நாட்டில் வருடத்திற்கு 125 இடம். 35 வயதுக்குள் இருக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண் வேண்டும், குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கணவன் வங்கியில் கிளார்க், மனைவி பள்ளிக்கூட டீச்சர் என்றால் கதை முடிந்தது. 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கியர், பௌத்தரோடு நின்றுவிடுவதால் கிறித்தவ தலித்துக்கு அந்தக் கதவே கிடையாது. 2022இல் இன்னொரு பூட்டும் போட்டார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் இல்லை என்றார்கள். சாதியைப் பற்றிப் படிக்க சாதியால் அடிபட்டவனுக்குப் பணம் கிடையாது! 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

ஆக, நம் ஆட்கள் இரண்டு கதவுக்கு நடுவில் நிற்கிறார்கள். ‘நீ வேலைக்குப் போய்விட்டாய், வயதும் ஆகிவிட்டது’ என்கிறது உள்ளூர்க் கதவு. ‘எந்த மாதிரி வேலை, என்ன தலைமைப் பண்பு காட்டினாய்’ என்று கேட்கிறது வெளிநாட்டுக் கதவு. கடன் வாங்கிப் போகலாமே என்பவர்களுக்குக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவனாகச் சொல்கிறேன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்பார்கள். காலனி வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணலைப் பற்றி நாம் பேசும்போது 1913இல் பரோடா மன்னர் உதவியோடு கொலம்பியா போனதைச் சொல்வோம். இரண்டாவது பயணத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். சாகு மகாராஜா உதவினார், நண்பர் நவல் பதேனாவிடம் கடன் வாங்கினார். 1920இல் வேலையை விட்டு மறுபடி லண்டன் போனார். அப்போது அவருக்கு 29 வயது, குடும்பஸ்தர். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. வேலைக்குப் போன பிறகு படிக்கப் போன தலித்துகளுக்கு அவர்தான் முன்னோடி. கல்லூரியில் அவர் வேலை பார்த்தது ஒன்றரை வருடம்கூட இல்லை. மூன்று வருட முழுநேர வேலை கேட்கும் இன்றைய விதியை வைத்தால் அம்பேத்கருக்கே தகுதி கிடையாது. இந்தச் சொல்லின் லட்சணம் இதுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு படிவத்தைத் திறந்தேன். நீங்கள் தலைமை தாங்கிய ஒரு காரியத்தை எழுதுக என்று இருந்தது. கிளார்க்குக்கு என்ன தலைமை? மூன்று ராத்திரி வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் தனி டம்ளரை எடுக்க வைக்க ஊரைத் திரட்டியது, மூன்று மாதம் கடைக்குப் போகாமல் இருக்கச் செய்தது, பெட்டிசன் எழுதியது, போலீஸ் ஸ்டேசனில் போய் உட்கார்ந்தது, இதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதெல்லாம் நம்ம கடமை என்று இருந்துவிட்டேன். ‘ஏங்க, அதத்தானே அவன் கேக்குறான்’ என்று என் மனைவி சொன்னபோது கடைசித் தேதி முடிந்திருந்தது. இப்போது எனக்கு 37 வயது. உள்ளூர்க் கதவும் சாத்தியாகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன். இயக்க வேலைக்குக் கணக்கு வையுங்கள். டியூசன் சென்டர் நடத்துகிறீர்களா? தேதி, நேரம், எத்தனை பிள்ளைகள் என்று நோட்டில் எழுதுங்கள். வாரம் 10 மணி நேரம் என்றால் ஆறு வருடத்தில் 3,000 மணி தாண்டும். பட்டம் வாங்கிய பிறகு செய்த வேலையைத் தனியாகக் குறியுங்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த வக்கீலோ தலைமையாசிரியரோ தொழிற்சங்கத் தோழரோ யாரெனப் பார்த்துப் பரிந்துரைக் கடிதத்திற்கு இப்போதே பேசி வையுங்கள். பாஸ்போர்ட், அனுபவச் சான்று, நிர்வாகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்று, சம்பளமில்லா விடுப்பு எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்தபின் ஓடினால் கிடைக்காது. விதி வருடாவருடம் மாறும். அறிவிப்பை அடுத்தவர் சொல்லிக் கேட்காதீர்கள், நீங்களே படியுங்கள். மூத்தவர்கள் இளையவர்களின் படிவத்தை உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள். மேல்சாதிக் குடும்பத்தில் இதை மாமாவும் சித்தப்பாவும் செய்துவிடுகிறார்கள். நமக்கு இயக்கம்தான் சித்தப்பா.

இதோடு நின்றுவிடக் கூடாது. விதியை வேறு மாதிரியும் எழுத முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஃபோர்டு அறக்கட்டளை 2001 முதல் 2013 வரை நடத்திய சர்வதேச ஃபெலோஷிப், உயர்கல்வியில் ஒதுக்கப்பட்ட சமூகத்தாரையே தேடிப்போனது. சமூகப் பணியைத் தகுதியாக வைத்தது. மொழிப் பயிற்சியும் கொடுத்துப் படிக்க அனுப்பியது. இந்தியா உட்பட 22 நாடுகளில் 4,300 பேருக்கு மேல் படித்தார்கள். அது ஒரு தனியார் அறக்கட்டளை. அது செய்ததை அரசாங்கத்தால் செய்ய முடியாதா?

வயது வரம்பைத் தளர்த்து, வேலையில் இருப்பவருக்கு வருமான வரம்பை உயர்த்து, கிறித்தவ தலித்தைச் சேர், சாதியைப் படிக்கத் தடை போடாதே, தேர்வான அத்தனை பேருக்கும் பணம் கொடு. இந்த ஐந்தும் நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். நிலத்துக்கும் கூலிக்கும் போராடுகிறபோதே இதையும் சேர்த்துக் கேட்போம்.

கூட்டம் முடிந்து வெளியே போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள்.

ஜெய்பீம்.