அந்தத் தாயின் கேள்வி



சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகனோடு வந்தார். தகப்பன் தோல் தொழிற்சாலையில் கூலி. காலையில் பிள்ளையின் முகம் வீங்கும், மாலையில் கால். "நான் என்ன பாவம் செஞ்சேன் ஐயா? உப்பை அதிகமாப் போட்டுட்டேனோ?" என்று எங்களைக் கேட்டார். பாவமும் இல்லை, உப்பும் இல்லை என்றோம். வீக்கம் வந்தபின் உப்பைக் குறைக்கவேண்டும், அவ்வளவே.

இது நெஃப்ராட்டிக் சின்ட்ரோம். சிறுநீரக வடிகட்டி வழியே புரதம் கசிகிறது. கிருமியோடு போராடவேண்டிய வெள்ளணுக்கள் வழிதவறியதே காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். தட்டம்மை கண்ட சில பிள்ளைகளுக்கு இந்நோய் தணிந்ததை (அம்மையால் சுகம், பாருங்கள்!) அக்காலத்திலேயே கவனித்திருந்தார்கள். அதையும் வேறு அடையாளங்களையும் வைத்து 1974-ல் ஷல்ஹூப் என்ற மருத்துவர் டி அணுக்களைச் சந்தேகித்தார். பிற்பாடு, பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தும் பலருக்கு உதவவே, சந்தேகம் அவற்றின்மேலும் விழுந்தது. வடிகட்டியிலுள்ள நெஃப்ரின் என்னும் புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் பல பிள்ளைகளின் இரத்தத்தில் இருப்பதை 2024-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பெரும்பாலான பிள்ளைகள் பிரட்னிசோலோன் மாத்திரையில் தேறுகிறார்கள். முகம் வற்றியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே, அங்கேதான் எங்களுக்குப் பயம். ஆகவே காலைச் சிறுநீரை வீட்டிலேயே சோதித்து நோட்டில் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். உங்கள் காணிக்கையில் சோதனைப் பட்டைகளும் பஸ் கட்டணமும் அடங்கும்.

அந்தத் தாய்க்கு எழுதத் தெரியாது. மூத்த மகள் எழுதுகிறாள். போன வாரம் நோட்டைக் காட்டினாள். இருபத்தொரு நாளும் 'புரதம் இல்லை'.