கைவேலைக்கு மூளை வேண்டாமா?

(தியாகராய நகர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. உங்கள் ஒவ்வொருவருடைய தோளிலும் தொங்கிக்கொண்டிருக்கிற கையைப் பற்றியதேயாகும். கையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இந்தக் கையை வைத்துத்தான் நம் நாட்டில் ஒரு பெரிய பித்தலாட்டம் நடந்து வந்திருக்கிறது. அது என்னவென்றால், தலையால் வேலை செய்கிறவன் மேலானவன், கையால் வேலை செய்கிறவன் கீழானவன், அவனுக்கு மூளை வேண்டியதில்லை என்பதாகும். ஒருவன் முகத்தில் பிறந்தான், ஒருவன் காலில் பிறந்தான் என்று எழுதிவைத்ததன் கருத்தும் இதுதான். ஆகவே, கைவேலைக்கு மூளை வேண்டுமா வேண்டாமா என்பதை இன்று கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

வீட்டிற்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூடி போட்ட பால் தூக்கு ஒன்றை வெறுமையாக வைத்துவிட்டு, "அது நிறையத் தண்ணீர், தூக்கு" என்று ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் தூக்கியதும் கை வெடுக்கென்று மேலே எகிறும். ஏன்? கை பாத்திரத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே, இது இவ்வளவு கனமிருக்கும், பூமி இதை இவ்வளவு இழுக்கும், ஆதலால் இவ்வளவு பலம் போடவேண்டும் என்று மூளை கணக்குப் போட்டுவிட்டது. கணக்குத் தப்பிற்று, கை எகிறிற்று.

இன்னொன்று பாருங்கள். இடது உள்ளங்கையில் ஒரு கனத்த புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பக்கத்திலிருப்பவர் சட்டென்று எடுத்தால் உங்கள் இடது கை மேலே துள்ளும். அதையே உங்கள் வலது கையால் நீங்களே எடுத்தால் இடது கை அநேகமாய் அசையாது. வலது கை செய்யப்போவதை மூளை அறிந்து, அந்தக் கணத்திலேயே இடது கையின் பலத்தைக் குறைத்துவிடுகிறது என்பதல்லாமல் இதற்கு வேறு காரணம் என்ன?

பாரமே இல்லாத வெறுங்கைக்கும் இந்தக் கணக்கு உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவருடைய கை ஒன்று மட்டும் சுமார் 3 கிலோ இருக்கும். தலைமயிரை ஒதுக்கிவிடக் கையைத் தூக்கினாலும் அந்த 3 கிலோவைத் தூக்கித்தானே ஆகவேண்டும்? பிரான்சு தேசத்து விஞ்ஞானிகள் இதை நுட்பமாய் அளந்து பார்த்தார்கள். கை மேலே போகும்போது சீக்கிரமாகவே உச்ச வேகத்தை அடைகிறது; கீழே வரும்போது சற்றுத் தாமதமாகவே அடைகிறது. மேலே போகும் கையை நிறுத்த பூமியின் இழுப்பையே பிரேக்காகவும், கீழே வரும் கைக்கு அதே இழுப்பையே தள்ளும் சக்தியாகவும் மூளை உபயோகித்து, சதைகளின் உழைப்பை மிச்சம் பிடிக்கிறது என்பது 2016-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. விமானத்தைப் பாய்ச்சி இறக்கிச் சுமார் 20 விநாடி கனமே இல்லாத நிலையை உண்டாக்கியும் பார்த்தார்கள். முதலில் பழைய கணக்கின்படியே கை போயிற்று. திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, மேலுக்கும் கீழுக்கும் இருந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. அதாவது மூளை புதுக் கணக்கைக் கற்றுக்கொண்டது.

நம் நாட்டுச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 25-இல் விண்வெளிக்குப் போய் ஜூலை 15-இல் பூமிக்குத் திரும்பிய சுபான்ஷு சுக்லா பத்திரிகைக்காரர்களிடம் என்ன சொன்னார்? திரும்பியபின் கைப்பேசி கனமாய்த் தோன்றியதாம். மடிக்கணினியைக் கட்டிலின் ஓரமாய்க் காற்றில் விட்டாராம், அது மிதக்கும் என்று நினைத்து! சில வாரத்திற்குள் மூளை கற்ற புதுக் கணக்கு அது. பிறகு பழைய கணக்கும் திரும்ப வந்துவிட்டது. இதில் தலைவிதி எங்கே இருக்கிறது? பூர்வ ஜன்ம வாசனை எங்கே இருக்கிறது? பழக்கந்தான் இருக்கிறது.

இனி விண்வெளியை விட்டு மயிலாப்பூருக்கு வருவோம். அங்கே காப்பிக் கடையில் ஒருவர் காப்பி ஆற்றுகிறார். ஒரு கை மேலே போகிறது, ஒரு கை கீழே போகிறது. ஒரு பாத்திரத்தின் கனம் கணத்திற்குக் கணம் குறைகிறது, மற்றதின் கனம் ஏறுகிறது. ஒரு சொட்டுச் சிந்துவதில்லை. வாடிக்கைக்காரரோடு பேசிக்கொண்டே செய்கிறார்! அடையாற்றில் கட்டடம் கட்டுகிற இடத்திற்குப் போய்ப் பாருங்கள். கீழே இருப்பவர் செங்கல்லை வீசுகிறார். சாரத்தின்மேல் இருப்பவர், அது ஏறி ஓய்ந்து, விழத் தொடங்கும் அந்த இடத்தில் பூப்போல வாங்குகிறார். 1998-இல் கொலம்பியா விண்கலத்தில் போனவர்களைக்கொண்டு இந்தப் பிடிக்கும் வித்தையைச் சோதித்தார்கள். கனமே இல்லாத அவ்விடத்திலும், பந்து பூமியில் விழுவதுபோல் வேகம் கூடி வரும் என்று எண்ணி, அவர்களுடைய கை வேண்டியதற்கு முன்னாலேயே தயாராயிற்று. விண்வெளி வீரர் மூளையில் எந்தக் கணக்கு இருந்ததோ அதே கணக்குத்தான் நம் சித்தாள், கொத்தனார் மூளையிலும் இருக்கிறது. ஆனால் அவனை வீரன் என்கிறோம், இவனை மூளையில்லாதவன் என்கிறோம்! தெருக்குழாயில் குடம் நிறைத்து இடுப்பில் ஏற்றுகிற தாய்மார்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

இன்னும் சந்தேகமிருந்தால் பக்கவாதம் கண்டவரைப் பாருங்கள். கையில் எலும்பு முறியவில்லை, சதை அறுபடவில்லை. ஆனாலும் கை எழும்புவதில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைபட்டதோ வெடித்ததோதான் காரணம். மேசைமேல் தாங்கி வைத்தால் கையை நீட்டக்கூடியவர், அந்தரத்தில் தூக்கி நீட்டமுடியாமல் தவிப்பதும் உண்டு. ஆகவே வேலை செய்தது கை மாத்திரமல்ல என்பது விளங்கவில்லையா? அப்படிப்பட்டவரை மந்திரித்துக் கயிறு கட்டி நேரத்தைப் பாழாக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம். அங்கே முதல் சில மணி நேரந்தான் உயிரும் கையும்.

இங்கே ஒரு சூழ்ச்சிக்காரன் எழுந்து, "சரி, கைவேலை அவ்வளவு நுட்பமானதென்றால் அதைச் செய்கிறவன் மகனும் அதையே செய்யட்டுமே, அவனுக்கு அது ரத்தத்தில் வந்ததாயிற்றே" என்பான். இந்தப் பேச்சு புதிதல்ல. 1953-இல் சென்னை ராஜ்ய முதல்மந்திரியாயிருந்த ராஜகோபாலாச்சாரியார், கிராமத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு நம் இயக்கம் எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதல்மந்திரியானதும் அது ஒழிந்தது. அதற்கு இன்றைய விஞ்ஞானம் சொல்லும் பதிலும் இதுதான்: கைத்திறன் ரத்தத்தில் வருவதல்ல, பழகிப் பழகி மூளையில் ஏறுவது. காப்பி ஆற்றுகிறவர் மகன் முதல்நாள் ஆற்றினால் அவனும் சிந்தத்தான் சிந்துவான். வேதம் ஓதுகிறவர் மகன் கரணை பிடித்துப் பழகினால் அவனும் சுவர் எழுப்புவான். கொத்தனார் மகள் படித்தால் அவளும் டாக்டராவாள். கற்கிற மூளை எல்லோருக்கும் உண்டு; கற்கிற சந்தர்ப்பந்தான் எல்லோருக்கும் இல்லை.

இந்த நகரத்துக்குப் பெயராய் நிற்கிற பிட்டி தியாகராயர், சென்னை நகரசபைத் தலைவராயிருந்தபோது, 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட ஏற்பாடாயிற்று. பசித்த பிள்ளைக்கும் மூளை உண்டு என்று நம்பினால்தானே சோறு போடத் தோன்றும்? அடையாறு பக்கத்தில் இருக்கிற ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையம், பிறவாத சிசுவின் மூளையை மெல்லிய துண்டங்களாக்கி, 5,132 படங்களை 2024 டிசம்பரில் உலகத்துக்கு வெளியிட்டது. அவற்றில் நரம்பு இருக்கிறது, அணுக்கள் இருக்கின்றன. பிர்மா எழுதிய எழுத்து ஒன்றுகூட இல்லை.

ஆகவே தோழர்களே, "எனக்கு மூளை இல்லை, நான் கைவேலைக்காரன்" என்று இனி ஒருவரும் சொல்லாதீர்கள். உங்கள் வேலைக்கு மூளைவேலைக்குரிய கூலியையும் மரியாதையையும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளை, ஆணானாலும் பெண்ணானாலும், முழு நேரமும் பள்ளிக்கு அனுப்புங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக இதையெல்லாம் நம்பவேண்டாம். வீட்டில் பால் தூக்கு இருக்கிறது, கை இருக்கிறது. சோதித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையானால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.