அந்தப் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்
(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

2022 நவம்பரில் நம் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக சிட்னியில் கைதானது ஞாபகம் இருக்கும். ஒரு பெண் கொடுத்த பாலியல் வன்முறை முறைப்பாடு. செய்தி வந்த அன்றே நம்ம டீக்கடையில் தீர்ப்பும் வந்துவிட்டது. "காசுக்காகப் போட்ட பொய்" என்றார் ஒருவர். "நாட்டு மானத்தையே வித்துட்டான்" என்றார் இன்னொருவர். "தெரியாத ஆம்பளையோட அவ ஏன் போனா?" என்று கேட்டதோ நம்ம பொம்பளைகளே. நீதிமன்றம் அப்படி அவசரப்படவில்லை. நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்றை 2023 மே மாதம் அரச தரப்பே கைவிட்டது. மிஞ்சிய ஒன்றில், செப்டெம்பர் 28ஆம் திகதி, அவர் குற்றவாளி அல்ல என்று நீதிபதி விடுவித்தார். அதை நாம் மதிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடவும் அந்நாட்டுச் சட்டம் கடைசிவரை விடவில்லை.

நமக்கும் அப்படிச் சட்டம் உண்டு. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரத்தைப் பிரசுரித்தால் இரண்டு வருடம் வரை சிறை. எதிர்த்துப் போராடிய காயம் உடம்பில் கட்டாயம் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மலையில் பாம்பைக் கண்டு, கத்தவும் முடியாமல் நின்றுபோனது உங்களில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2015இல் நினைவிழந்து கிடந்த பெண்ணை நீச்சல் வீரனான மாணவன் புரோக் டர்னர் கெடுக்கப் பார்த்தான். சைக்கிளில் வந்த இரண்டு மாணவர்கள் அவனை மடக்கிப் பிடித்தார்கள். ஜூரி குற்றவாளி என்றது. நீதிபதியோ, சிறை அவனைக் கடுமையாகப் பாதிக்கும் என்று ஆறு மாதம்தான் கொடுத்தார். மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டான். 2018இல் மக்கள் வாக்குப் போட்டு அந்த நீதிபதியை இறக்கினார்கள். அந்தப் பெண், தன் பெயர் சனெல் மில்லர் என்று 2019இல் தானே முன்வந்து சொன்னார்.

நம்ம தோட்டத்தில் கோப்பை வாங்கி வந்த பையன்மேல் ஒரு பிள்ளை முறையிட்டால் என்ன நடக்கும்? "கொலேஜ் டீமில ஆடுறவன், அவன் எதிர்காலம் என்னாவது?" என்பார்கள். தலைவர்மார் கூடிப் பேசி முடிப்பார்கள். சில இடத்தில் அவனுக்கே கட்டியும் வைப்பார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போவது நின்றுவிடும். அவள் எதிர்காலத்தை யார் கேட்டார்கள்? பேசித் தீர்க்க இது தண்ணீர்ப் பைப் சண்டையா? 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையானால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொய்யாக இருந்தால் என்று ஒரு தம்பி கேட்கிறார். விசாரணை அதற்குத்தானே, தம்பி.

பிள்ளை வந்து சொன்னால் திட்டாதீர்கள். உடனே குளிக்க வைக்காதீர்கள். உடுத்த துணியைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டு வையுங்கள். பொலிசுக்குப் போங்கள், அங்கிருந்து ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். தமிழிலேயே சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிறு பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்று போன் இலக்கங்கள் இருக்கின்றன. இரண்டையும் பெரிதாக எழுதி, பிள்ளைக் காம்பராக் கதவில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.