சங்கமும் ஓர் எஜமானரே
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இக்காலனியில் வாழும் நம்மிற் பெரும்பாலோர் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர்கள். பஞ்சப்படி சிறிது உயர்ந்தாலும் அன்று மாலைக்குள் நமக்குத் தெரிந்துவிடும். ஆனால், பள்ளிக்கூடமோ திருமண மண்டபமோ நடத்தும் ஒரு சங்கம், அங்கு வேலை செய்வோருக்கு எஜமானர் ஆகிவிடுகிறது. அந்த ஸ்தானத்தில் அமர்ந்தபின், சட்டம் மாறுவதை நாம் அதே ஆவலுடன் கவனிக்கிறோமா?

பணிக்கொடைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1972-இல் இயற்றப்பட்ட அச்சட்டம், 1997 ஏப்ரல் 3 முதல், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கல்வி நிலையங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும், சட்டத்திற் கண்ட 'ஊழியர்' என்னும் சொல் ஆசிரியரைக் குறிக்காது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-இல் நாடாளுமன்றம் அச்சொல்லின் பொருளைத் திருத்தி, அத்திருத்தத்தை 1997 முதற்கொண்டே செல்லுபடியாக்கிற்று. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்போடு புத்தகத்தை மூடிவைத்த நிர்வாகி, ஆசிரியைக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்றே இன்றும் எண்ணிக்கொண்டிருப்பார்.

அந்த எண்ணத்தின் விலை என்ன? கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணிபுரிந்த ஆண்டுகளாலும் பெருக்கவேண்டும். சம்பளம் 26,000 ரூபாய், பணிக்காலம் 20 ஆண்டுகள் எனில், பணிக்கொடை 3,00,000 ரூபாய். அவ்வாசிரியைக்குப் பொன்னாடை போர்த்தி, வாழ்த்துமடல் வாசித்து, வெறுங்கையுடன் வழியனுப்பினால், அவருடைய மூன்று லட்சத்தை நாம் எடுத்துக்கொண்டோம் என்பதே பொருள்.

2025 நவம்பர் 21 முதல், 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களுக்கு மாற்றாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பணிக்கொடையும் அவற்றுள் ஒன்றில் அடங்கிவிட்டது. குறித்த கால ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர் ஐந்தாண்டு காத்திராமல், ஓராண்டிலேயே அதற்கு உரியவராகிறார். வேலையை விட்டு விலகுவோருக்குச் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும்.

ரயில்வே அலுவலகங்களில் விதி மாறினால் திருத்தச் சீட்டு வரும். குமாஸ்தா அதனை விதிப்புத்தகத்தின் உரிய பக்கத்தில் ஒட்டி, எண்ணையும் தேதியையும் குறித்து வைப்பார். சங்கங்களுக்கு அவ்வாறு சீட்டு அனுப்புவார் எவருமில்லை. ஆகவே, நாமே தேடிப் பெறுதல் வேண்டும். செயற்குழுவில் ஒருவர் இப்பொறுப்பை ஏற்கட்டும். குறைந்தபட்சக் கூலி மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். சொந்த ஊர் வழக்கம் இங்கே செல்லாது. நாம் குடிபுகுந்த மாநிலத்தின் அறிவிப்பே நம்மைக் கட்டுப்படுத்தும். அது இம்மாநில மொழியில் இருந்தால், இங்கேயே பயின்ற நம் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். வரவு செலவுத் தணிக்கையின்போதே ஆண்டுதோறும் சம்பளப் பட்டியலையும் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

சம்பளப் பட்டியலில் கையொப்பமிட்டுப் பழகிய நாம், அதனைத் தயாரிக்கும் இடத்தில் அமரும்போதும் அதே நியாயத்தைக் கடைப்பிடிப்போமாக.