காலிப் பணியிடமும் கூடுதல் பொறுப்பும்



1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வர 2017 ஆயிற்று. ஆண்டுக்கு எத்தனை பேர் அங்கே சேர்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். படித்து முடித்தபின் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? மருத்துவக் கவுன்சில், செவிலியர் கவுன்சில் பதிவேடுகள் தகுதி பெற்றவரைத்தான் காட்டும். துபாய்க்குப் போனவருக்கும் அதில் ஒரு வரி, குழந்தை வளர்க்க வேலையை விட்டவருக்கும் ஒரு வரி.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவுகோல். இது தலைகளை எண்ணுகிறது, வேலையை எண்ணுவதில்லை. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைப் பார்க்கிறார், தடுப்பூசி போடுகிறார், எல்லாவற்றையும் ‘பிக்மி’ என்ற தாய்-சேய் இணையப் பதிவில் ஏற்றுகிறார். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டிலேயே மாத்திரை பெறுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வேலை பெருகியபோது மணிநேரமும் பெருகியதா? ஒவ்வொரு பணிக்கும் எவ்வளவு நேரம், விடுப்பு போக ஒருவருக்கு ஆண்டில் மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டு ஆள் தேவையை முடிவு செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு நடக்கும் நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

இதைவிட எனக்கு வேதனை தருவது ‘கூடுதல் பொறுப்பு’. ஒரு செவிலியரின் இடம் காலியானால் பக்கத்துத் துணை நிலையத்தவரிடம் அதையும் ஒப்படைக்கிறோம். கோப்பில் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது, பள்ளம் மறைந்துவிடுகிறது. மாற்றுப்பணியும் அப்படித்தான்: சம்பளம் ஓரிடத்தில், ஆள் வேறிடத்தில். இரண்டு ஊர்த் தாய்மார்களும் ஒருவருக்காகவே காத்திருக்கிறார்கள். அந்தச் சகோதரி எந்த ஊருக்கு முதலில் போவார்?

இந்தக் காலியிடங்களில் பலவும் முன்கூட்டியே தெரிபவை. மகப்பேறு விடுப்பு 2021 முதல் ஓராண்டு. அது பெண்ணின் உரிமை, அதைக் குறைக்கக் கூடாது. பதிலாள் ஏற்பாடுதான் இருக்க வேண்டும். மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு என்ற ஏற்பாடு இளைஞர்களைக் கிராமத்துக்கு அழைத்துவருகிறது. அப்படி ஒதுக்கும் மாநிலத்தின் உரிமையை 2020இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் அப்படி வந்த மருத்துவர் மேற்படிப்புக்குப் போகும் நாளில்தானா காலியிடத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டும்?

வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒரே பதிவேடு இருக்கட்டும்: யார் உண்மையில் எந்த ஊரில், யார் விடுப்பில், யார் எப்போது ஓய்வு. துணைச் செவிலியர் பயிற்சிக்கு இரண்டு ஆண்டு. 2029இல் ஓய்வுபெறுபவரின் இடத்துக்கு வருபவர் 2027இலேயே வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.